சிமெண்ட் பாறையும் இறங்காத பிஎச்சும்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்காக வெள்ளை சிமெண்ட், பவளத் துகள், கல்லுப்பு கலந்து பாறை வார்த்தேன். உப்பு கரைந்து நல்ல துளைகளும் விழுந்தன. ஆனால் ஊறவைத்த தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத்தன்மை அளவு, 11-ஐத் தாண்டியது. தொட்டிக்கு வேண்டியதோ 8.1 முதல் 8.4 வரை.

தினமும் தண்ணீர் மாற்றினாலும் மறுநாள் பழைய கதைதான். வினிகரில் போட்டதும் வீண். மேல்தோல் கரைந்து, உள்ளே இருந்த புது சிமெண்ட் வெளியே வந்ததுதான் மிச்சம்.

மோட்டார் ஓடும் திறந்த தொட்டியில் மட்டும் பிஎச் இறங்கியதுபோல் காட்டியது. அங்கேதான் ஏமாற்று வேலை. காற்றிலுள்ள கரியமில வாயு, சிமெண்டிலிருந்து கசிந்து பிஎச்சை ஏற்றும் சுண்ணாம்பை அவ்வப்போது அடக்கிவிடுகிறது. பாறைமேல் விரலால் தேய்த்தால் மாவாக வரும் வெள்ளைப் படலம் அதன் அடையாளம். மூடி போட்ட வாளிக்கு மாற்றினால் மறுபடி ஏறும்.

சரி செய்தது பொறுமைதான்: ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு மாதம் காயாமல் வைத்தேன். அப்புறம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து வாரம் ஒருமுறை மாற்றினேன். கடைசிச் சோதனைக்கு இரண்டு மூடிய வாளி, இரண்டிலும் ஒரே உப்புநீர், ஒன்றில் மட்டும் பாறை. இரண்டு நாள் கழித்தும் இரண்டும் ஒரே பிஎச் காட்டின. பாறை இப்போது தொட்டியில்.