சோளகக் காற்றில் உலரும் தோலுக்கு வீட்டிலேயே செய்யும் எண்ணெயும் மெழுகுக் களிம்பும்

யாழ்ப்பாணத்தில் வைகாசி மாதத்தில் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும், முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து, நகத்தால் ஒரு கோடு கீறினால் அது சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கும் அளவுக்கு உலர்ந்துபோவதை எம்மில் பலரும் ஆண்டுதோறும் காண்கிறோம். புரட்டாதி வரை ஓயாமல் வீசும் அந்த வரண்ட காற்று ஒரு காரணம் என்றால், நாம் குளிக்கும் கிணற்று நீர் இன்னொரு காரணம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அந்தக் கல்லினூடாக ஊறிவரும் நீரில் கல்சியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பதால்தான் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறது. இத்தகைய வன்னீரில் சவர்க்காரம் நன்றாக நுரைப்பதில்லை. கல்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத பிசுக்காக மாறித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. நுரை வரவில்லையே என்று நாம் மேலும் சவர்க்காரம் போடுகிறோம். தோலின் இயல்பான எண்ணெய்ப் பசையும் அதோடு கழுவுண்டு போகிறது.

இந்த வரட்சிக்கு வேண்டியவற்றை வீட்டு அடுப்பிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் செய்முறைக்குள் போவதற்கு முன் ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் இதை விளங்காமல் எத்தனை நல்ல எண்ணெயைப் பூசினாலும் பயன் குறைவாகவே இருக்கும். எண்ணெயில் நீர் இல்லை. ஆகவே எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை, ஏற்கெனவே தோலில் இருக்கும் ஈரம் காற்றோடு போய்விடாமல் மூடிவைக்கிறது. உலர்ந்த தோலில் எண்ணெய் பூசுவது வெறும் பானையை மூடிவைப்பதற்கு ஒப்பானது. குளித்து முடித்ததும் துவாயால் உரசித் துடைக்காமல் மெல்ல ஒற்றியெடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பூச வேண்டும். இரண்டு கால்களுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். கிணற்றடிச் சீமெந்துத் தரையில் நின்றபடி பூசாதீர்கள். எண்ணெய் சிந்திய ஈரத் தரையில் முதியவர்கள் வழுக்கி விழுவது மிகப் பெரிய ஆபத்து. அறைக்குள் வந்து, கதிரையில் இருந்தபடி பூசுவதே நல்லது.

இரண்டாவது விடயம், நீர் கலந்த எதையும் செய்து போத்தலில் அடைத்து வைக்கக்கூடாது என்பது. கடைகளில் கிடைக்கும் வெண்ணிறக் கிறீம்கள் நீரும் எண்ணெயும் கலந்தவை; அவை பல மாதங்கள் பழுதாகாமல் இருப்பதற்குக் காரணம் அவற்றில் அளந்து சேர்க்கப்பட்ட பாதுகாப்புப் பொருட்கள். வீட்டில் செய்யும்போது எமக்கு அந்த வசதி இல்லை. காலையில் பிழிந்த தேங்காய் முதற்பாலை வெளியே வைத்தால் பின்னேரத்திற்குள் புளித்துவிடுவதை எல்லோரும் அறிவோம். அதுவும் நீரும் எண்ணெயும் கலந்த ஒரு கலவைதான். நான் முதன்முதலாகச் செய்தபோது கற்றாழைச் சோற்றை எண்ணெயோடு அடித்து, பார்ப்பதற்கு அழகான வெள்ளைக் களிம்பாக்கி ஒரு போத்தலில் வைத்தேன். ஐந்தாம் நாள் மூடியின் உட்புறத்தில் பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்தை எறிந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பக்றீரியாக்கள் வெடித்த தோலினூடாக உட்புகுவதுதான் உண்மையில் அஞ்ச வேண்டியது. ஆகவே சேமித்து வைப்பதற்கு எண்ணெயும் மெழுகும் மட்டும், நீருள்ளவை அன்றன்றைக்கு மட்டும் என்ற ஒழுங்கையே இங்கே பின்பற்றுகிறேன்.

எந்த எண்ணெய்?

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் எமக்கு இலகுவாகக் கிடைப்பவை, இரண்டும் நல்லவை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அது தோலில் மென்மையாகப் படர்ந்து நிற்கும். நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் கணிசமாக உள்ளது. தோலின் மேலடுக்கு தன் கட்டுமானத்திற்குப் பயன்படுத்தும் கொழுப்பமிலம் அதுவே. மேலும் எள்ளிலேயே இயல்பாக உள்ள சில பொருட்கள் அது விரைவில் காறிப்போகாமல் தடுக்கின்றன. இரண்டையும் சம அளவில் கலப்பதே என் வழக்கம். செக்கில் ஆட்டிய, வறுக்காத எள்ளின் எண்ணெயாக இருந்தால் மணம் மென்மையாக இருக்கும். முகப்பரு வரும் இயல்புள்ளவர்கள் தேங்காய் எண்ணெயை முகத்தில் பூசாமல் இருப்பது நல்லது. அது துவாரங்களை அடைக்கக்கூடியது. எள் ஒவ்வாதவர்கள் நல்லெண்ணெயைத் தொடவே வேண்டாம். ஒலிவ் எண்ணெய் உயர்ந்தது என்ற எண்ணம் பலரிடம் உண்டு, ஆனால் அதில் மிகுந்துள்ள ஒலெயிக் அமிலம் தோலின் காப்புத் தன்மையைத் தளர்த்தக்கூடியது என்பதால், குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, விலை கொடுத்து அதை வாங்க வேண்டிய தேவை இல்லை.

மூலிகை சேர்க்க விரும்பினால் உலர்ந்த மூலிகையையே சேர்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த வெட்டிவேரைச் சிறிதாக நறுக்கி, கால் லீற்றர் நல்லெண்ணெயில் ஒரு கைப்பிடி போட்டு, நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்து மெல்லிய பருத்தித் துணியால் வடித்தால் மணமுள்ள எண்ணெய் கிடைக்கும். பச்சை இலையைப் போட்டுக் காய்ச்சுவதாயின் இலையிலுள்ள நீர் முழுவதும் வற்றும்வரை மெல்லிய நெருப்பில் வைத்திருக்க வேண்டும். எங்கள் சித்த வைத்தியர்கள் தைலம் காய்ச்சும்போது மெழுகுப் பதம், மணற் பதம் என்று பார்ப்பது இதற்காகவே. வண்டலைச் சிறிது எடுத்து விரல்களால் உருட்டிப் பார்ப்பார்கள். ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் தோய்த்து அடுப்பிலிருந்து தள்ளிவைத்துக் கொளுத்தினால், சடசடவென்று பொரியாமல் எரிந்தால் நீர் இல்லை என்று கொள்வார்கள். கற்றாழையை எண்ணெயில் காய்ச்சுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பயனுள்ள பகுதி நீரில் கரைவது. காய்ச்சி நீரை வற்றச் செய்யும்போது நாம் எதற்காகச் சேர்த்தோமோ அது எண்ணெயில் இறங்காமலே போய்விடுகிறது.

மெழுகுக் களிம்பு

குதிக்கால் வெடிப்பு, பாத்திரம் கழுவியும் தோட்டவேலை செய்தும் காய்த்துப்போன கைகள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றிற்கு வெறும் எண்ணெய் போதாது. அது துணியில் பட்டும் காற்றிலும் விரைவில் போய்விடும். தேன்மெழுகு சேர்த்த களிம்பு தோலில் ஒரு படலமாக நின்று பல மணித்தியாலங்கள் காக்கும். ஒரு பங்கு மெழுகு, நான்கு பங்கு எண்ணெய் என்பது எங்கள் வெக்கைக்கு ஏற்ற அளவு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே உருகிவிடும் என்பதால் இங்கே அது பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளில் உள்ள அளவுப்படி மெழுகைக் குறைத்துப் போட்டால் சித்திரை வெயிலில் களிம்பு கூழாகிவிடும். மாரியில் வாடைக் காற்று வீசும் நாட்களுக்குச் செய்வதாயின் ஐந்து பங்கு எண்ணெய் சேர்க்கலாம்.

நூறு கிராம் களிம்புக்கு 20 கிராம் தேன்மெழுகு, 40 கிராம் தேங்காய் எண்ணெய், 40 கிராம் நல்லெண்ணெய் ஆகியவற்றைத் தராசில் நிறுத்து எடுங்கள். கரண்டிக் கணக்கில் மெழுகைச் சரியாக அளக்க முடியாது. மெழுகு தேன்மெழுகுதானா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்: அதில் மெல்லிய தேன் மணம் இருக்கும், விரலால் அழுத்திப் பிசையும்போது மெதுவாக இளகும். மெழுகுதிரிக்குரிய வெள்ளை மெழுகு மணமற்றது. உருக்கிய பின் ஏமாற்றம் தெரிவதைவிட வாங்கும்போதே முகர்ந்து பார்ப்பது மேல்.

களிம்பை ஊற்றப்போகும் கண்ணாடிப் போத்தல்களைக் கொதிநீரில் கழுவி, வெயிலில் ஒரு துளி நீரும் இல்லாமல் காயவைத்த பின்பே அடுப்பை மூட்டுங்கள். ஒரு சட்டியில் பாதியளவு நீர் கொதிக்க, அதனுள் சிறிய எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து அதில் சீவிய மெழுகைப் போட வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும்; ஆகவே கொதிநீரின் சூடே தாராளமாகப் போதும். மெழுகு தீப்பற்றக்கூடியது என்பதால் எக்காரணத்தைக் கொண்டும் அதை நேரடியாக நெருப்பில் வைக்கக்கூடாது, அடுப்பை விட்டு அகலவும் கூடாது. மெழுகு உருகியதும் எண்ணெய்களை ஊற்றும்போது ஒருகணம் மெழுகு மீண்டும் திரளும்; பயப்படாமல் உலர்ந்த கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தால் மறுபடி தெளிந்துவிடும். முழுவதும் கண்ணாடிபோலத் தெளிந்தவுடன் இறக்கிவிடுங்கள்.

இப்போது பதம் பார்க்க வேண்டும். முன்கூட்டியே குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ஒரு கரண்டியில் நான்கைந்து துளிகளை விட்டு இரண்டு நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். விரல் படும் இடத்தில் வழுக்கி இளகினால் சரி. ஒழுகினால் இரண்டு மூன்று கிராம் மெழுகும், சுரண்டினால்தான் வரும் என்ற நிலையில் இருந்தால் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்து மறுபடி உருக்குங்கள். விற்றமின் ஈ எண்ணெய் அடங்கிய குளிகை ஒன்றிரண்டைக் கிள்ளி, உள்ளிருக்கும் எண்ணெயை இந்தக் கட்டத்தில் விடலாம். அது எண்ணெய் காறுவதைத் தாமதப்படுத்தும், ஆனால் கிருமிகளைக் கொல்லாது என்பதை மறக்கக்கூடாது. பின்னர் போத்தல்களில் ஊற்றி அசைக்காமல் விடுங்கள். சூடு முற்றாக ஆறும்வரை மூடக்கூடாது; அவசரப்பட்டு மூடினால் மூடியில் வியர்வைபோல நீர்த்துளி கட்டி, நாம் இவ்வளவு நேரம் விலக்கிவைத்த நீர் உள்ளே விழுந்துவிடும். செய்த திகதியை எழுதி ஒட்டி, அடுப்படியில் அல்லாமல் இருளான குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஆறு மாதம் பயன்படுத்தலாம். ஈரக் கையை உள்ளே விடாதீர்கள். காறல் நாற்றம் வந்தால் எறிந்துவிடுங்கள்.

இதே முறையில் ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு எண்ணெய் என்று செய்தால் உதட்டுக்குப் பூசும் கட்டியான களிம்பு கிடைக்கும்.

அன்றன்றைக்குச் செய்பவை

கற்றாழை ஈரத்தைக் கொடுப்பது. எண்ணெய் அதைக் காப்பது. இரண்டையும் கலக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பூசினால் எதையும் பதப்படுத்த வேண்டியதில்லை. முற்றிய மடல் ஒன்றை வெட்டி, வெட்டிய முனை கீழே இருக்கும்படி கால் மணித்தியாலம் சாய்த்து வைத்தால் மஞ்சள் நிறப் பால் வடிந்துவிடும். அந்தப் பால் தோலைக் கடிக்கும் என்பதால் இந்த வேலையைத் தவிர்க்கக்கூடாது. பின்பு தோலைச் சீவி, சோற்றை நன்றாகக் கழுவி மசித்துப் பூசி, அது உலர்வதற்குள் மேலே எண்ணெயைப் பூசுங்கள். மிஞ்சியதை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

மருந்துக்கடையில் வாங்கும் கிளிசரினும் நீரை ஈர்த்து வைத்திருக்கக்கூடியது. ஒரு தேக்கரண்டி கிளிசரினுக்கு ஒன்பது தேக்கரண்டி கொதித்தாறிய நீர் என்று அன்றைய தேவைக்கு மட்டும் கலந்து, அதன் மேலும் எண்ணெய் பூச வேண்டும். கிளிசரினை அப்படியே பூசினால் வரண்ட காற்றில் அது தோலின் அடியிலுள்ள ஈரத்தையே மேலே இழுத்துவிடும்.

குளிக்கும்போது கை, கால்களுக்குச் சவர்க்காரத்தை விட்டு, வறுக்காத பயற்றை அரைத்துச் சலித்த மாவைத் தேய்ப்பது எங்கள் அம்மாவின் வழக்கம். அக்குள், பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும் சவர்க்காரம். வன்னீர்ப் பிசுக்குத் தொல்லையை இது பெருமளவு குறைக்கிறது.

சேர்க்கக்கூடாதவை

தேசிக்காய்ப் புளியைத் தோலில் பூசிவிட்டு வெயிலில் போனால், கொப்புளம் எழும்பிப் பல வாரங்கள் மாறாத கருந்தழும்பு விழக்கூடும். அப்பச் சோடா காரத்தன்மை உள்ளது, தோலோ இயல்பில் மெல்லிய அமிலத்தன்மை உடையது, இரண்டும் பொருந்தா. கற்பூரம் கைக்குழந்தைகளுக்கு நஞ்சு. அதைக் குழந்தைக்கான எண்ணெயில் ஒரு சிறு துண்டுகூடப் போடாதீர்கள். புதிதாகச் செய்த எதையும் முதலில் முன்னங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி இரண்டு நாள் பார்த்து, சிவப்போ சொறியோ வராவிட்டால் மட்டும் உடலெங்கும் பூசுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் குதிக்கால் வெடிப்பைச் சாதாரண வரட்சியாக எண்ணிவிடக்கூடாது. பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் வெடிப்பு புண்ணாவது தெரியாமலே போகும். இரவில் பாதங்களைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, தேவையானால் வீட்டில் ஒருவரைக் கொண்டு அடிப்பாதத்தைப் பார்க்கச் செய்து, அதன் பின்பே களிம்பைக் குதிக்காலில் பூச வேண்டும். விரலிடுக்குகளில் பூசக்கூடாது, ஏனெனில் அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சணத் தொற்று ஏற்படும். இரத்தம் கசியும் வெடிப்பு, சீழ், சூடு அல்லது வீக்கம் எதுவாயினும் கண்டால் களிம்பை நிறுத்தி, மறுநாளே வைத்தியரிடம் காட்டுங்கள்.