சோனுலின் எண்ணும் ஆட்டிசமும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“சோனுலின் கூடியிருக்கிறது. ஆட்டிசம் தீவிரமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.” ஆய்வக அறிக்கையைக் காட்டி யாராவது இப்படிச் சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள்.

குடல் சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இணைப்பைத் தளர்த்தும் புரதம் சோனுலின். ஆட்டிசமுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதாகவும், தீவிரத்துக்கான மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறுவதாகவும் 2017இல் துருக்கியில் நடந்த ஒரு சிறிய ஆய்வு சொன்னது. மறு ஆண்டே போலந்தில் வந்த ஆய்வில் அந்த வேறுபாடு தென்படவில்லை. இன்னொரு சிக்கல், அளக்கும் கருவியிலேயே இருக்கிறது. பரவலாக விற்கப்படும் ஒரு பரிசோதனை கிட் சோனுலினை விட்டுவிட்டு வேறு புரதங்களைப் பிடிக்கிறது என்று 2018இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எதை அளந்தது என்றே உறுதியில்லாத எண்ணை வைத்து ஒரு குழந்தையை எடைபோடக் கூடாது. தீவிரத்தை மதிப்பிடுவதற்குக் குழந்தையோடு உட்கார்ந்து, பேச்சையும் பார்வையையும் விளையாட்டையும் கவனிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது.

குடல் நுண்ணுயிர்கள் மாறியதால்தான் ஆட்டிசம் என்று காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுவதும் உண்டு. 2021இல் ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளிடம் செய்த ஆய்வு, ஆட்டிசமுள்ள குழந்தைகளின் குடல் நுண்ணுயிர் வேறுபாட்டுக்கு அவர்களுடைய குறுகிய உணவுப் பழக்கமே பெரும்பாலும் காரணமாகலாம் என்றது.

அடுத்தது, ரத்தத்தில் உணவுகளுக்கு எதிரான ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளந்து தரும் பட்டியலைப் பார்த்துப் பாலையும் கோதுமையையும் ஒரே நாளில் நிறுத்துவது. குழந்தை எதைச் சாப்பிட்டு வந்தது என்பதைத்தான் ஐஜிஜி காட்டும், ஒவ்வாமையை அல்ல. தயிர்சாதத்தைத் தவிர எதையும் தொடாத பிள்ளையிடமிருந்து தயிரையும் பறித்தால் கால்சியத்துக்கு எங்கே போவது? கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் என்ற சந்தேகம் இருந்தால், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதற்கான டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

இவ்வளவுக்கும் நடுவில் குழந்தையின் வயிற்றையே மறந்துவிடுகிறோம். பேச்சு வராத பிள்ளை மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கும்; நடு இரவில் எழுந்து அழும்; தன்னையே அடித்துக்கொள்ளும். இதெல்லாம் ஆட்டிசம்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள், வலியாக இருக்கலாம். உள்ளாடையில் அடிக்கடி கறை படிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைக்கத் தோன்றும். பல சமயம் அது மலம் இறுகி அடைத்து, ஓரமாகக் கசிவது. இரண்டு வாரம் மலம், தூக்கம், அழுகை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மலச்சிக்கலுக்கு மருந்து இருக்கிறது.