அமெரிக்க இலக்கியத் தாள்: மூலநூலையும் விமர்சனத்தையும் எந்த வரிசையில் எடுப்பது

புதுச்சேரியிலும் கடலூரிலும் எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர்களில் பலர் அமெரிக்க இலக்கியத் தாளுக்கு முதலில் வாங்குவது கைடுதான். கதைச்சுருக்கம் இருக்கும், பாத்திர விவரம் இருக்கும், யார் சொன்னது என்றே தெரியாத விமர்சனம் நாலு பத்தி இருக்கும். பாஸ் பண்ண அது போதும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் ஆய்வேட்டுக்கும் போதாது. முதலில் மூலநூலின் நம்பகமான பதிப்பு. அதை வாசித்து முடித்த பிறகு விமர்சனம், அதுவும் எழுதப்பட்ட ஆண்டு வரிசையில். இந்த முறையை மாற்றினால் கட்டுரை முழுக்க அடுத்தவர் கருத்தாகத்தான் இருக்கும்.

பதிப்பு விஷயத்தில் அதிகம் பேர் தடுக்கி விழுவது கவிஞர் எமிலி டிக்கின்சனிடம். அவர் 1886-ல் இறந்தார். 1890-ல் மேபல் லூமிஸ் டாடும் ஹிக்கின்சனும் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது டிக்கின்சன் வரிகளுக்கு நடுவில் போட்டிருந்த கோடுகளை (டேஷ்) எடுத்துவிட்டு வழக்கமான நிறுத்தக்குறி போட்டார்கள், தலைப்பு வைத்தார்கள், சில இடங்களில் சொல்லையே மாற்றினார்கள். மரணம் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிற அந்தப் புகழ்பெற்ற கவிதையைப் பாருங்கள். வண்டி பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது, 1890 பதிப்பில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு 1955-ல் தாமஸ் ஜான்சன் வெளியிட்ட பதிப்பில் அவர்கள் இடைவேளையில், வட்டத்துக்குள், முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். மெல்லிய உடையில் பனி ஏறிக் குளிர் நடுக்கும் நான்காம் பத்தி 1890-ல் அடியோடு இல்லை. அந்தப் பத்தி இல்லாவிட்டால் கவிதை ஒரு சுகமான சவாரி. இருந்தால்தான் பயம் வருகிறது.

கையில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். மேலே ‘த சாரியட்’ என்று தலைப்பு இருந்து, வரிகளுக்கு நடுவில் கோடுகள் இல்லையென்றால் அது 1890 பதிப்பின் வடிவம். காப்புரிமை முடிந்துபோனதால் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். அதை வைத்துக்கொண்டு டிக்கின்சனின் கோடுகளைப் பற்றிக் கட்டுரை எழுத முடியாது. எண்களிலும் கவனம் வேண்டும். இதே கவிதை ஜான்சனில் 712, 1998-ல் வந்த ஃபிராங்க்ளின் பதிப்பில் 479. பழைய விமர்சகர்கள் ஜான்சன் எண்ணைத்தான் தருவார்கள். நோட்டில் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தையே பார்க்க வேண்டுமென்றால் எமிலி டிக்கின்சன் ஆர்க்கைவ் தளத்தில் படமாகவே இருக்கிறது, இலவசம்.

கவிஞர் வால்ட் விட்மனிலும் இதே சிக்கல் உண்டு. 1855-ன் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ பன்னிரண்டே கவிதைகள் கொண்டது. கடைசியாக அவர் பார்த்துக் கொடுத்தது 1891-92 பதிப்பு. ‘சாங் ஆஃப் மைசெல்ஃப்’ 52 பகுதிகளாகப் பிரிந்ததும் அந்தத் தலைப்பைப் பெற்றதும் பிற்பாடுதான். பாடத்திட்டத்தில் பகுதி எண் போட்டிருந்தால் 1855 பதிப்பை வாங்காதீர்கள். தேடித் தேடிக் கண் பூத்துப்போகும்.

நாவலுக்கு இன்னும் எளிய சோதனை போதும். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் எடுக்கிறபோது, விலை பேசுவதற்கு முன்னால் பொருளடக்கத்தைப் புரட்டுங்கள். ‘த ஸ்கார்லெட் லெட்டர்’ என்றால் முன்னால் ‘த கஸ்டம்-ஹவுஸ்’ முன்னுரையும் பின்னால் 24 அத்தியாயங்களும் இருக்க வேண்டும். சுருக்கப் பதிப்பில் முதலில் வெட்டுப்படுவது அந்த முன்னுரைதான். ‘மோபி டிக்’ 135 அத்தியாயங்களும் ஒரு எபிலாகும் (முடிவுரை). 1851-ல் லண்டனில் முதலில் வந்த பதிப்பில் அந்த எபிலாக் விடுபட்டுப்போனது. கப்பலோடு எல்லாரும் மூழ்கிவிட்டால் கதை சொல்கிறவன் எப்படிப் பிழைத்தான் என்று அங்கே விமர்சகர்கள் கேட்டதற்குக் காரணம் அதுதான். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ 43 அத்தியாயம், ‘வால்டன்’ 18, ‘த கிரேட் கேட்ஸ்பி’ 9. எண்ணிக்கை குறைந்தால் கீழே வைத்துவிடுங்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் ‘அப்ரிட்ஜ்ட்’ (சுருக்கியது), ‘ரீடோல்ட்’ (மறுபடி சொன்னது) என்ற சொற்கள் கண்ணில் பட்டாலும் அப்படியே. முதுகையும் விரித்துப் பாருங்கள். கடற்கரை ஊரின் ஈரத்தில் பழைய பேப்பர்பேக்கின் பசை விட்டிருக்கும், நடுவில் தாள் காணாமல் போயிருக்கும்.

நூலகத்தில் தேடும்போது டூயி எண் (நூல்களைத் துறைவாரியாக அடுக்கும் எண்) தெரிந்திருந்தால் பாதி நேரம் மிச்சம். அமெரிக்க இலக்கியம் 810. கவிதை 811, நாடகம் 812, புனைகதை 813, கட்டுரை 814. ‘வால்டன்’ பல இடங்களில் 818-ல் இருக்கும். டி.எஸ். எலியட்டை 821-ல், பிரிட்டிஷ் கவிஞர்களோடு வைத்திருப்பார்கள். பொது விமர்சனமும் வரலாறும் 810.9. காலாப்பட்டு பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப்பிள்ளை நூலகத்துக்கோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ வெளியிலிருந்து போகிறவர்கள், துறைத் தலைவரின் கடிதத்தையும் கல்லூரி அடையாள அட்டையையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

இனி விமர்சனம். ஒரு நூலைப் பற்றி எல்லாரும் சொன்னதையெல்லாம் வாசிக்க வேண்டாம். ஒரு சண்டையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போங்கள். பழகிக்கொள்ள ‘ஹக்கிள்பெரி ஃபின்’ முடிவைவிட நல்ல இடம் கிடையாது. முதலில் நாவலின் 31-ம் அத்தியாயத்தை இரண்டு முறை வாசியுங்கள். தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை, கதை சொல்லும் சிறுவன் ஹக் கிழித்துப்போடுகிற இடம். அதற்குப் பிறகு ஃபெல்ப்ஸ் பண்ணையில் டாம் சாயர் வந்து ஜிம்மின் விடுதலையை விளையாட்டாக்கும் அத்தியாயங்கள். இதை வைத்துத்தான் சண்டை. நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு நூலிலிருந்து வந்தது என்று 1935-ல் சொன்ன ஹெமிங்வே, ஜிம் பறிபோகும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள் என்றும் சொன்னார். 1948-ல் விமர்சகர் லயனல் டிரில்லிங்கும் 1950-ல் டி.எஸ். எலியட்டும் முடிவுக்கு வக்காலத்து வாங்கினார்கள். 1953-ல் லியோ மார்க்ஸ் அந்த இருவர் பெயரையும் தலைப்பிலேயே போட்டு மறுத்தார். 1996-ல் ஜேன் ஸ்மைலி நாவலின் பெருமையையே கேள்வி கேட்டார். 2024-ல் பெர்சிவல் எவரெட் ‘ஜேம்ஸ்’ நாவலில் ஜிம்மையே கதை சொல்ல வைத்தார். இந்த வரிசையில் வாசித்தால் ஒவ்வொருவரும் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது தானே விளங்கும். தாறுமாறாக வாசித்தால் எல்லாருமே சரி என்றுதான் தோன்றும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆண்டு, யாரை மறுக்கிறார், எந்த அத்தியாயத்தை ஆதாரமாகக் காட்டுகிறார், எந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டார். நான்காவதுதான் உங்கள் கட்டுரை தொடங்கும் இடம். பெரிய நூல்களுக்கும் இதே கேள்வி. விமர்சகர் மத்தியசனின் ‘அமெரிக்கன் ரினைசான்ஸ்’ (1941) எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன் என்ற ஐவரைச் சுற்றி எழுந்தது. பெண்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையை ஜேன் டாம்ப்கின்ஸ் 1985-ல் ‘சென்சேஷனல் டிசைன்ஸ்’ நூலில் எடுத்துப் பேசினார். ஒரே ஒரு விமர்சன நூல்தான் வாங்க முடியும் என்றால் டோனி மாரிசனின் ‘பிளேயிங் இன் த டார்க்’ (1992) வாங்குங்கள். நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும்; அதற்குப் பிறகு எட்கர் ஆலன் போவையும் ஹெமிங்வேயையும் பழைய கண்ணோடு வாசிக்க முடியாது.

நார்ட்டன் கிரிட்டிக்கல் எடிஷன் கிடைத்தால் மூலமும் பின்னணியும் விமர்சனமும் ஒரே அட்டைக்குள் வந்துவிடும். ஆனால் பின்னால் இருக்கும் கட்டுரைகள் பல முழுமையானவை அல்ல. மூன்று நட்சத்திரக் குறி வரும் இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆய்வேட்டில் அந்தக் கட்டுரையை நம்பி வாதம் செய்யப்போகிறீர்கள் என்றால் முழு வடிவத்தைத் தேடுங்கள். ஆய்விதழ்க் கட்டுரைகள் உள்ள ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு திறந்தால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே வாசிக்கலாம். கல்லூரிகளுக்கு மின்னிதழும் மின்னூலும் தரும் என்-லிஸ்ட் உங்கள் கல்லூரிக்கு இருந்தால் நூலகரிடம் பயனர் பெயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்கோள் குறிக்கும்போது நாவலுக்குப் பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் போடுங்கள், எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) மேற்கோள் முறைப்படி பக்க எண்ணுக்குப் பின் அரைப்புள்ளி வைத்து அத்தியாயம். தேர்வாளர் கையில் இருப்பது வேறு பதிப்பாக இருந்தாலும் வரியைக் கண்டுபிடித்துவிடுவார். கவிதைக்கு வரி எண். கைடில் மட்டும் பார்த்த மேற்கோளை, மூலத்தில் கண்ணால் பார்க்கிறவரை, ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.