பழைய நெகட்டிவ்வ வீட்டுலயே கம்மி செலவுல போட்டோவா மாத்துறது எப்படி?

எல்லார் வீட்டு பீரோவுலயும் ஒரு ஸ்டூடியோ கவர் இருக்கும், மேல "காதுகுத்து", "தம்பி கல்யாணம்"னு பேனாவால எழுதி, உள்ள நாலு நாலு படமா வெட்டுன நெகட்டிவ். ஆல்பத்துல இருக்கிற பிரிண்ட் பிளாஸ்டிக் ஷீட்டோட ஒட்டிக்கிட்டு, உரிச்சா மூஞ்சியும் சேந்து உரிஞ்சு வரும். நம்ம வட சென்னையில ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காத்துக்கு பூஞ்சை வேற. 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி ஏறுன வீடுங்கள்ல ஆல்பம் என்ன கதி ஆகியிருக்கும்னு சொல்லவே வேணாம். நெகட்டிவ் மட்டும் தப்பிச்சிருந்தா போதும், பிரிண்ட்ல இருக்கிறத விட டீடெயில் அதுலதான் ஜாஸ்தி.

மொதல்ல ஒரு விஷயம். வீட்டுல இருக்கிற பிரிண்டர் ஸ்கேனர்லயோ ஜெராக்ஸ் கடையிலயோ நெகட்டிவ்வ வச்சு ஸ்கேன் பண்ணா கறுப்பா ஒரு பட்டைதான் வரும். அந்த மெஷின் பேப்பர் மேல லைட் அடிச்சு, திரும்பி வர்றத படிக்கிறது. நெகட்டிவ்வுக்கு லைட் பின்னாடி இருந்து ஊடுருவி வரணும். அதனால காச போடுறதா இருந்தா லைட்டுக்கு போடுங்க, கேமராவுக்கு உங்க போனே போதும்.

என்ன நெகட்டிவ்னு பாருங்க

ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை ஓட்டையா, நடுவுல 24க்கு 36 மிமீ படம் இருந்தா அது 35 மிமீ பிலிம், பெரும்பாலும் இதான் இருக்கும். ஓட்டையே இல்லாம பெருசா சதுரமா இருந்தா 120 பிலிம், அக்ஃபா கிளிக் 3 மாதிரி டப்பா கேமராவுல எடுத்தது, ஒரு ரோலுக்கு 12 படம். ஆரஞ்சா இருந்தா கலர், சாம்பலா இருந்தா பிளாக் அண்ட் ஒயிட். கவர தொறந்ததும் வினிகர் வாசனை குப்புனு அடிச்சா பிலிம் கெட ஆரம்பிச்சிடுச்சுனு அர்த்தம், அத தனியா வச்சு மொதல்ல அதையே முடிங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கிறத மட்டும் இழுக்காதீங்க, தெரிஞ்ச லேப்ல குடுங்க.

லைட்

டிசைன் டிரேஸ் பண்ற ஏ4 எல்இடி பேட் ஆன்லைன்ல கெடைக்கும், பர்மா பஜார்லயும் கேட்டுப் பாக்கலாம். அதுவும் வேணாம்னா பழைய டேப்லெட் ஒண்ணு எடுத்து, முழு வெள்ளையா ஒரு படத்த தொறந்து, பிரைட்னஸ ஃபுல்லா வையுங்க. ஆனா நெகட்டிவ்வ ஸ்கிரீன் மேல அப்படியே படுக்க வச்சா பிக்சல் கோடு கோடா படத்துல விழும். நேம் போர்டு செய்ற கடையில பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு கேளுங்க, வேஸ்ட் பீஸ் சும்மாவே குடுத்தாலும் குடுப்பாங்க. அத ஸ்கிரீன்ல இருந்து ரெண்டு வெரல் ஒயரத்துல நிக்க வச்சு அதுக்கு மேல நெகட்டிவ் வச்சா பிக்சல் தெரியாது.

ஹோல்டர்

பழைய கல்யாண பத்திரிக்கை அட்டை, நல்ல தடியா இருக்கிறது, அதுல படத்த விட ஒரு நூல் பெருசா ஓட்டை வெட்டி கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்க (ஆண்டர்சன் தெரு போனா சார்ட்டு அட்டை ரெண்டும் கெடைக்கும், ஆனா அதுக்குன்னு பாரிமுனை வரைக்கும் போணுமா, பக்கத்து ஸ்டேஷனரியே போதும்). இதே மாதிரி இன்னொண்ணு வெட்டி, ரெண்டுக்கும் நடுவுல பிலிம் வழுக்கிட்டு போற மாதிரி ரெண்டு ஓரமும் ஒட்டிடுங்க. படத்த சுத்தி லைட் கசிஞ்சா கலர் வெளுத்துப் போகும், அதனால பேட்ல மிச்சம் இருக்கிற எடத்தையும் கறுப்பு பேப்பரால மூடணும். பிலிம் சுருண்டுக்குதுன்னு மேல கண்ணாடி வச்சு அமுக்காதீங்க, வானவில் கலர்ல வளையம் வளையமா விழும். ஒரு தடி புக்குக்குள்ள, சுத்தமான வெள்ளை பேப்பர் நடுவுல, ஒரு நாள் ரெண்டு நாள் வச்சா தானா நேராவும்.

தூசி

இதுலதான் பாதி வேலையே. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ட ஒட்டி வீடு இருக்கிறவங்களுக்கு கன்டெய்னர் லாரி தூசி பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. ஃபேன ஆஃப் பண்ணிடுங்க, வேர்க்கும்தான், ஆனா ஃபேன் ஓடுனா தூசியும் வரும் படமும் ஆடும், அதனால ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் உக்காந்தா நல்லது. கைய கழுவி நல்லா தொடச்சுட்டு, பிலிம ஓரத்த மட்டும் புடிங்க. ரப்பர் பல்பு மாதிரி அமுக்கி காத்தடிக்கிற ப்ளோயர் கேமரா கடையில கெடைக்கும், அதாலதான் ஊதணும், வாயால ஊதுனா எச்சி தெறிக்கும். பனியன், புடவை முந்தானை இதாலல்லாம் தொடச்சா கோடு விழும், விழுந்த கோடு போகாது. கைரேகை படிஞ்சிருந்தா 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால மைக்ரோஃபைபர் துணியில தொட்டு பளபளப்பு பக்கம் மெதுவா ஒரே பக்கமா இழுங்க. சானிடைசர் வேணாம், அதுல வேற என்னென்னமோ கலந்திருக்கும்.

இப்ப எடுக்கலாம்

பளபளப்பு பக்கம் போன பாக்கணும், மங்கலா இருக்கிற பக்கம் லைட்ட பாக்கணும். மாத்தி வச்சா படம் இடவலமா திரும்பிடும். சந்தேகம் வந்தா சட்டை பாக்கெட்ட பாருங்க, போட்டிருக்கிறவருக்கு இடது பக்கம் இருக்கணும்.

ரெண்டு பக்கமும் ஒரே ஒயரத்துல புக்க அடுக்கி நடுவுல எடைவெளி விட்டு, அது மேல போன படுக்க வையுங்க. ரொம்ப கிட்ட போனா ஃபோகஸ் ஆகாது, 2எக்ஸ் லென்ஸ் இருந்தா அத போடுங்க, இல்லனா கொஞ்சம் தள்ளி எடுத்து அப்புறம் க்ராப் பண்ணிக்கலாம். ப்ளாஷ் ஆஃப், ரூம் லைட் ஆஃப், 3 செகண்ட் டைமர். ப்ரோ மோடு இருந்தா ஐஎஸ்ஓவ (கூட்டுனா படத்துல புள்ளி புள்ளியா வரும்) ஆகக் கம்மியா வச்சு, ஒயிட் பேலன்ஸ (கலர் சரிபண்ற செட்டிங்) லாக் பண்ணி, ரா ஃபார்மேட்ல (போன் சுருக்காம அப்படியே சேமிக்கிறது) எடுங்க. படத்துல பட்டை பட்டையா கோடு தெரிஞ்சா அது எல்இடி மினுக்குறது, ஷட்டர 1/50 இல்ல 1/25க்கு எறக்குனா பெரும்பாலும் போயிடும். ஒவ்வொரு படத்தோடயும் ஓரத்துல இருக்கிற வெறும் ஆரஞ்சு பட்டை கொஞ்சம் தெரியுற மாதிரி எடுங்க, அடுத்த வேலைக்கு அது வேணும்.

கலர் மாத்துறது

இப்ப போன்ல மாப்பிள்ள கறுப்பு வேட்டியும் வெள்ளை தலமுடியுமா நிப்பாரு. போட்டோ எடிட் பண்ற ஸ்னாப்சீட் ஆப்புல தொறந்து, ஒயிட் பேலன்ஸ் போய், கலர் எடுக்குற பேனாவ அந்த வெறும் ஆரஞ்சு பட்டை மேல வையுங்க, ஆரஞ்சு கொறஞ்சு சாம்பலா ஆகும். இத பண்ணாம நேரா கறுப்ப வெள்ளையா, வெள்ளைய கறுப்பா திருப்பிப் போட்டா எல்லாம் நீலமா வரும், நெறைய பேர் இங்கதான் வெறுத்துப் போய் விட்டுடுறாங்க. அடுத்து பட்டை தெரியாம க்ராப் பண்ணிட்டு கர்வ்ஸ் போங்க. குறுக்க ஒரு கோடு இருக்கும், அதோட இடது முனைய மேல தூக்கி வலது முனைய கீழ எறக்குங்க, மாப்பிள்ள மனுஷனா மாறிடுவாரு. அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா போய், பின்னாடி தெரியுற மலை மாதிரி கிராஃப் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதோ அங்க முனைங்கள உள்ள தள்ளுங்க. வேட்டி வெள்ளையா வர்ற வரைக்கும் பாத்தா போதும், மத்த கலர் அது கூடவே சரியா வந்துடும். பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு இந்த ஆரஞ்சு தொல்ல எதுவும் கெடையாது, திருப்பிப் போட்டா வேலை முடிஞ்சுது.

கம்ப்யூட்டர் இருந்தா டார்க்டேபிள்னு ஒரு சாஃப்ட்வேர், இலவசம், அதுல நெகடாக்டர்னு நெகட்டிவ்வுக்குனே தனி மாட்யூல் இருக்கு. கத்துக்க கொஞ்சம் நேரம் புடிக்கும், ஆனா ரோல் கணக்குல இருந்தா அதான் லாபம்.

ஃபைலுக்கு பேரு வைக்கும்போது வருஷம், விசேஷம், நம்பர்னு வையுங்க, "1988_பாட்டி_அறுபதாம்_கல்யாணம்_07" மாதிரி. படத்துல யார் யாருனு அத்தை, பெரியப்பா இருக்கும்போதே உக்கார வச்சு கேட்டு எழுதிக்கோங்க. கூகுள்ல இலவசமா குடுக்குற 15 ஜிபி உங்க ஜிமெயிலுக்கும் சேத்துதான், அத மட்டும் நம்பாம ஹார்டு டிஸ்க்ல ஒரு காப்பி போடுங்க.

ஸ்கேன் ஆயிடுச்சேன்னு நெகட்டிவ்வ தூக்கிப் போட்டுடாதீங்க. பேப்பர் கவர்ல போட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பாவுல மூடி பீரோ நடுத்தட்டுல வையுங்க, பரண் வேணாம், வெயில் காலத்துல அங்க சூடு தாங்காது. சொந்தக்காரங்களுக்கு வாட்ஸப்ல அனுப்பும்போது டாகுமென்ட்டா அனுப்புங்க, சாதா போட்டோவா போட்டா சைஸ சுருக்கிடும்.