பைப் தண்ணீரை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களிலும் தாமான் என்கிற குடியிருப்புகளிலும் தண்ணீர் ஃபில்டர் விற்க வருகிறவர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். ஒரு கிளாஸில் உங்கள் பைப் தண்ணீர், இன்னொன்றில் அவர்களுடைய ஃபில்டர் தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். பைப் தண்ணீர் சேறு மாதிரி பழுப்பாகிவிடும், ஃபில்டர் தண்ணீர் அப்படியே இருக்கும். வயதானவர்கள் பயந்துபோய் மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பழுப்பு, தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. தண்ணீரில் தாது உப்பு இருந்தால்தான் கரண்ட் நன்றாக ஓடும், கம்பியும் கரையும். அடுத்த முறை வந்தால், அவர்களுடைய சுத்தமான கிளாஸிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

நான் இடைநிலைப்பள்ளி அறிவியல் கூடத்தில் உதவியாளராக இருந்தவள். தண்ணீரில் சந்தேகம் என்றால் அக்கம்பக்கத்தார் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் எந்தப் பைப் என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சமையலறைப் பைப்புக்கு வெளிக்குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். குளியலறைக்குக் கூரை டேங்கியிலிருந்து வரும். காலையில் யாரும் திறக்கும் முன் சமையலறையில் ஒரு கிளாஸ் பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. இரண்டையும் வெள்ளைத் தாள் முன்னால் வைத்துப் பாருங்கள். முதல் கிளாஸ் மட்டும் கலங்கல் என்றால் வீட்டுக் குழாயில் துரு இருக்கலாம். குளியலறையில் பிடிக்கும் டேங்கித் தண்ணீர் மட்டும் கலங்கல் என்றால் டேங்கியைக் கழுவ வேண்டும். ஓடவிட்ட பிறகும் கலங்கல், பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் என்றால் மாநிலத் தண்ணீர் வாரியமான லெம்பாகா ஆயர் பேராக்கில் புகார் கொடுங்கள்.

அப்புறம் டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பும் தாதுவும் கரைந்திருக்கிறது என்பதை, கரண்ட் ஓடுவதை வைத்துக் கணித்துக் காட்டும் கருவி இது. பேனா மாதிரி இருக்கும், ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் முதலில் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். பிறகு பைப் தண்ணீரில் கோடு வரை முக்கி, காற்றுக்குமிழ் போக லேசாகக் கலக்கி, எண் நிலைத்ததும் படியுங்கள். மலேசியத் தரத்தில் சுத்திகரித்த குடிநீருக்கு லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை போகலாம். 600-க்குக் கீழே இருந்தால் ருசியும் நன்றாக இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு கரண்டி சீனியைக் கலக்கி மீட்டரை வையுங்கள். எண் அசையவே அசையாது. சீனி கரண்டைக் கடத்தாது, அதனால் மீட்டருக்குத் தெரியாது. கிருமியும் பூச்சிமருந்தும் அப்படியே. ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மீட்டரோ ஒரு மில்லிகிராமுக்குக் கீழே காட்டாது. எண் குறைவு என்பதற்காகத் தண்ணீர் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடினத்தன்மைக்கு சோப்புக்கட்டி போதும். பாட்டிலில் பாதித் தண்ணீர், கொஞ்சம் சீவிய சோப்பு, நன்றாகக் குலுக்குங்கள். நுரை பொங்கினால் மென்நீர். நுரை வராமல் ஆடை மாதிரி திரண்டால் கால்சியம், மெக்னீசியம் அதிகம். பாத்திரம் கழுவும் திரவத்தில் இதைச் செய்யாதீர்கள், அது கடின நீரிலும் நுரைக்கும். கேத்தலில் வெள்ளையாகப் படிவதும் இந்தக் கால்சியம்தான், அதற்காக பயப்பட வேண்டாம்.

கிணறு, போர் தண்ணீர் புழங்கும் தோட்டத்து வீடுகளில் இரும்பைக் கவனியுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், இரவு முழுக்கத் திறந்து வைத்தால் காலையில் அடியில் பழுப்பு வண்டல். அந்தத் தண்ணீரில் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், போட்டால் வழக்கத்தைவிடக் கறுத்துப்போகும்.

குளோரினுக்கு மீன் தொட்டிக் கடையில் விற்கும் சோதனைத் தாள் வாங்கலாம். லிட்டருக்கு 0.2-லிருந்து 5 மில்லிகிராம் வரை நம் நாட்டுத் தரம். கொஞ்சம் குளோரின் வாடை இருப்பது நல்லதே, குழாய் நெடுகக் கிருமி வராமல் காப்பது அதுதான். பூஜ்யம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கிருமியை வீட்டில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கைக்குழந்தை இருக்கிற வீடு, கிணற்றை நம்பியிருக்கிற வீடு என்றால் சாம் (SAMM) என்கிற மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரம் பெற்ற இடத்தில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். 100 மில்லிலிட்டரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்கிற கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலைத்தான் வாங்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும், கழுவிவிடாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு போங்கள். முடிவு வரும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். இரும்பும் ஈயமும் கொதித்தாலும் போகாது.