மார்பக நீக்க அறுவைக்குப் பிறகு பிராவும் செயற்கை மார்பகமும்: தேர்ந்தெடுத்துப் பொருத்தும் முறை

முதலில் பிரா, அதன் பிறகே செயற்கை மார்பகம். பிரா சரியாக அமையாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சிலிக்கான் மார்பகமும் இடம் மாறிக்கொண்டேயிருக்கும்.

தழும்பு ஆறும்வரை பஞ்சு அடைத்த இலகுவான துணி மார்பகமே போதும். எடையுள்ள சிலிக்கானுக்குப் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் கழித்து, மருத்துவர் தழும்பைப் பார்த்து அனுமதித்த பிறகே மாற வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர்கள் இன்னும் பொறுக்க வேண்டியிருக்கலாம்.

அளவெடுக்க, தையல் நாடாவை மார்புக்குக் கீழே இறுக்காமல் சுற்றினால் பட்டையின் அளவு கிடைக்கும். ஒரு பக்கம் நீக்கப்பட்டவர்கள் மார்புச்சுற்றை வழக்கம்போல் எடுத்தால் அளவு குறைந்துவிடும் என்பதால், நெஞ்செலும்பின் நடுவில் தொடங்கி, இருக்கும் மார்பகத்தின் மேடான பகுதி வழியாக முதுகுத்தண்டுவரை அளந்து, அதை இரட்டிக்க வேண்டும். 18 அங்குலம் வந்தால் மார்புச்சுற்று 36.

கம்பியில்லாத, தோளில் மாட்டும் பட்டை அகலமான, முழுக் கப் உள்ள பருத்திப் பிராவே நல்லது. செயற்கை மார்பகத்தைச் செருகிவைக்கும் உள்பை இல்லையென்றால் தையற்காரரிடம் பருத்தித் துணியில் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் வாய்ப்பு உண்டு. தோளில் தடம் பதியும் பிராவை அவர்கள் தவிர்த்துவிட வேண்டும்.

செயற்கை மார்பகத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, கனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிராவுக்குள் வைத்ததும் அந்தக் கனம் அவ்வளவாகத் தெரியாது. மறுபக்கத்துக்கு ஈடான எடை இருந்தால்தான் தோள்கள் சமமாக நிற்கும். அணிந்தபின் கண்ணாடியில் நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள், கைகளை உயர்த்துங்கள், வாசலில் கோலமிடுவதுபோலக் குனிந்து நிமிருங்கள். பட்டை மேலேறாமல், மார்பகம் வெளியே எட்டிப் பார்க்காமல் இருந்தால் அளவு சரி. இதையெல்லாம் பார்க்கப் பெண் பணியாளரையும் தனி அறையையும் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில், அதுவும் தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் வயலில் நிற்பவர்களுக்கு, வியர்வை சேர்ந்து தோல் புண்ணாகலாம். தினமும் மென்மையான சோப்பால் செயற்கை மார்பகத்தைக் கழுவி, துணியால் ஒற்றியெடுத்து, அதற்குரிய பெட்டியிலேயே வையுங்கள். புடவைத் தலைப்பில் குத்தும் ஊக்கு அதன்மேல் படவே கூடாது. ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் ஜெல் கசியும்.

புது ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போது பிராவையும் செயற்கை மார்பகத்தையும் அணிந்தே செல்லுங்கள். தழும்பு தெரியாதபடி கழுத்தைச் சற்று ஏற்றி, அக்குள் பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.