சருகை எரித்துவிட்டு உரத்தொட்டி வாங்காதீர்கள்

வீட்டிலேயே உரம் போடுவது எப்படி, பிளாஸ்டிக்கைக் குறைப்பது எப்படி என்று கேட்டு வருகிறவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். கடைக்குப் பை எடுத்துப் போக மறப்பது, குழாயை மூடாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உரத்தொட்டி

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மதுரையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அடுக்கு உரத்தொட்டியும் நுண்ணுயிர்த் தூளும் ஆன்லைனில் வாங்கினார்கள். விலையைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, சாம்பார் எல்லாவற்றையும் கொட்டி, மூடியை இறுக்கி வைத்தார்கள். சில நாட்களில் நாற்றம், புழு. “அக்கா, தூள் சரியில்லை போலிருக்கிறது, வேறு கம்பெனி வாங்கட்டுமா?” என்று அந்த வீட்டுப் பெண் கேட்டபோது, அவர்கள் வாசலிலேயே வேப்பஞ்சருகு புகைந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் போக வேண்டியதைக் கொளுத்திவிட்டுத் தூளைக் குறை சொன்னால் என்ன பதில் சொல்வது?

காய்கறிக் கழிவில் நீரும் நைட்ரஜனும் அதிகம். சருகில் கார்பன் அதிகம். மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு வரை கார்பன் வேண்டும். ஈரக்கழிவு மட்டும் சேர்ந்தால் அமுங்கிப்போய்க் காற்று நுழையாது. காற்றில்லாத இடத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். அழுகிய முட்டை வாடை அதனால்தான். எத்தனை பாக்கெட் தூள் போட்டாலும் இது தீராது. ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு போட்டுக் கிளறிவிட்டால் தீரும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சமைத்ததையும் எண்ணெயையும் மீன் கழிவையும் பழகும்வரை சேர்க்காதீர்கள்.

மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் தெருவெங்கும் உதிர்க்கின்றன. அப்போதே சாக்குகளில் கட்டி, நனையாத மூலையில் வைத்துக்கொண்டால் வருடம் முழுவதும் கவலையில்லை. நம் ஆட்களோ சருகுக்குத் தீ வைத்துவிட்டு, தென்னைநார்க் கழிவுக் கட்டியைக் காசு கொடுத்து வாங்கி வருவார்கள்.

தொட்டியும் பெரிதாக வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டங்கள் பக்கத்திலேயே கிடைக்கின்றன. பக்கவாட்டில் ஓட்டையிட்ட இரண்டு பானைகள் போதும். ஒன்று நிறைந்து மக்கும் நேரத்தில் மற்றொன்றில் போடலாம். மொட்டைமாடி வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். சித்திரையில் உள்ளே ஈரம் வற்றி, மக்குவதே நின்றுவிடும்.

காகித டம்ளர்

உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

பச்சை அச்சடித்த ‘வாழை இலை’

வாழை விளையும் சோழவந்தான் பக்கத்தில் இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்குக் காகித இலையா?

துணிப்பை

2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது நல்ல காரியம். அதற்காகக் கடைக்குக் கடை புதுப்பை வாங்கிச் சேர்ப்பது வேறு விஷயம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் கணக்கில் மேலானதாக ஆக, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. கல்யாண வீடுகளில் வாங்கிய தாம்பூலப் பைகள் பீரோவுக்குள் கிடக்கும்போது புதியது எதற்கு?

துணிபோலத் தோன்றும் இன்னொரு பை இருக்கிறது. நெய்யாமல் ஒட்டிச் செய்த அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 தடைப்பட்டியலில் அதுவும் உண்டு. ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் சாம்பலாகும், இது உருகிச் சுருளும்.

மூங்கில் பல்துலக்கி

கையில் இருக்கும் பிளாஸ்டிக் பல்துலக்கி முதலில் தேயட்டும், பிறகு வாங்கலாம்.

பாக்குமட்டைத் தட்டு

மலிவு என்று கட்டுக்கட்டாக வாங்கி வைத்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை பூக்கும். விசேஷத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள்.

சந்தையில்

1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது நம் மதுரை அண்ணா நகரில்தான். அங்கே துணிப்பையோடு வருகிறவர்களும் தக்காளி நசுங்கும் என்று பயந்து காய்க்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கேட்பதைப் பார்க்கிறேன். வாங்கும் வரிசையை மாற்றினால் போதும்: முதலில் கிழங்கும் வெங்காயமும், பிறகு கத்தரி, வெண்டை, கடைசியாகத் தக்காளியும் கீரையும். தராசில் ஏற்றுவதற்கு முன்பே பையின் வாயைத் திறந்து நீட்டிவிடுங்கள். கடைக்காரரின் கை கவர் பக்கம் போன பிறகு சொல்லிப் பயனில்லை.